மீன் வேண்டாம் என்று நான் எழுதிய சீட்டு

நான் ஓய்வு பெற்றபின் சுகாதார நிலைய மருந்தக ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் கார்த்திகா போன மாதம் போன் செய்தாள்.

"சார், தலை வறண்டு செதில் செதிலா உதிருதுன்னு தினமும் நாலு பேராவது வர்றாங்க. என்ன சாப்பிட்டா சரியாகும்னு கேக்குறாங்க. போன்ல பாத்துட்டு வந்து பயோட்டின் குடுங்க, பூசணி விதை நல்லதாமேங்கிறாங்க. நீங்கதான் டாக்டரம்மாகூட அத்தனை வருஷம் சாப்பாட்டு நோட்டு எழுதுனீங்க. சுருக்கமா ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. சுவத்துல ஒட்டிர்றேன்."

ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். முட்டை, வேர்க்கடலை, எள், முருங்கைக்கீரை, தயிர் என்று வரிசையாக வந்தது. அடுத்து மீன் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருந்தாளுநராக இருந்தவனுக்கு இந்த ஒரு சொல்லை எழுதலாமா கூடாதா என்று குழப்பம் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுவரில் ஒட்ட முடியாத இந்த நீளத்துக்கு நான் எழுத வேண்டிவந்த காரணம் அதுதான்.

என் ஊர் குடுமியான்மலைப் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். மருந்தாளுநர் பட்டயம் படித்து, வேலைக்குக் காத்திருந்து, கிடைத்தபின் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலேயே மூன்று சுகாதார நிலையங்களில் இருபது வருடம் ஓட்டினேன். மாத்திரை எண்ணுவது, கவரில் காலை மதியம் இரவு என்று கோடு போடுவது, காலாவதித் தேதி பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் சனங்களுக்கு நான் கம்பவுண்டர்தான். பிறகு ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். மனைவி ஆசிரியை என்பதால் பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்தாள். நான் ஓர் அறை எடுத்துத் தங்கி சனிக்கிழமை தோறும் பஸ் ஏறினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே தலையிலிருந்து உதிரும். நீலச் சட்டை போட்டால் தோளில் கோலமாவு சிந்தியது போல இருக்கும். மருந்து வாங்க வருகிறவர்கள் என் தோளைப் பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் மருந்தைப் பார்ப்பார்கள்.

அங்கே மருத்துவராக இருந்தவர் டாக்டர் மங்கையர்க்கரசி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் வேலை செய்யும் முறையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். தலையைக் காட்ட வருகிறவர்களை முதலில் ஜன்னலோர முக்காலியில் உட்கார வைப்பார். தாலுகா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலிருந்து வாங்கி வந்த கறுப்புத் தாளைத் தோளில் விரிப்பார். வால் சீப்பின் வாலால் நெற்றியிலிருந்து பிடரி வரை வகிடு எடுப்பார். ஒரு வகிடு இல்லை, ஏழு. ஒவ்வொரு வகிட்டிலும் விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டி, தாளில் விழுந்ததை நசுக்கிப் பார்ப்பார். மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் அது பொடுகு, மருந்து ஷாம்பு எழுதுவார். முடியோடு ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் ஈரு. வட்டமாக முடி உடைந்திருந்தால் படர்தாமரை. உலர்ந்த வெள்ளைத் தூளாக ஊதினால் பறப்பதாக இருந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்.

"மாணிக்கம் சார், நோட்டு."

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மூன்று நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுத வேண்டும். சாப்பிட்டீங்களா என்று கேட்கக் கூடாது. "நேத்து எந்திரிச்சதும் வாயில போட்ட முதல் பொருள் என்ன?" என்று தொடங்க வேண்டும். குழம்பு என்றால் என்ன குழம்பு, மீன் என்றால் என்ன மீன், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், அப்போது சட்டியில் என்ன மிச்சம் என்பது வரைக்கும் எழுதவேண்டும். சத்தான உணவு என்ற சொல்லை அவர் அந்த அறையில் அனுமதிக்கவே இல்லை. "சத்துன்னு சொன்னா சனங்க டப்பா மாவு வாங்கப் போயிரும் சார். முட்டைன்னா முட்டைன்னு சொல்லுங்க."

எல்லாம் முடிந்தபின் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். அதற்கும் விதி உண்டு. "பெரிய எழுத்தா எழுதுங்க. அடுப்படி சுவத்துல ஒட்டச் சொல்லுங்க. சமைக்கிறவங்க வேற, சாப்பிடுறவங்க வேற. வீட்ல எல்லாரும் படிக்கணும். எது வேணும்னு மேல எழுதுங்க, எது வேண்டாம்னு அடியில எழுதுங்க." சர்க்கரை நோயாளிக்கு அடியில் இனிப்பு வேண்டாம் என்று எழுதுவேன். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்குக் கருவாடு வேண்டாம் என்று எழுதுவேன். வேண்டாம் என்ற வரி இல்லாமல் என் கையிலிருந்து ஒரு சீட்டும் போனதில்லை.

பழகிக்கொள்வதற்காக முதலில் என்னையே எழுதச் சொன்னார். காலை இட்லி சாம்பார், மதியம் சோறு, கீரைக் கூட்டு, மோர், இரவு சப்பாத்தி என்று எழுதினேன். உண்மையில் காலையில் டீயும் பன்னும், மதியம் பொட்டலம், இரவு பரோட்டா. உள்ளதை எழுத வெட்கம்தான். அவர் நோட்டைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், பென்சிலால் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

எல்லாத் தலைக்கும் சாப்பாடுதான் பதில் என்று அவர் நம்பியவர் இல்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஆட்டுக்கறியும் பேரீச்சையுமாகத் தின்றும் தலை உதிர்கிறது என்றார். தாளில் மஞ்சளாக ஒட்டியது. மூன்று வாரம் மருந்து ஷாம்பு போட்டுச் சரியாகிப் போனார். அன்றைக்கு டாக்டரம்மா என்னிடம், "நீங்க பாட்டுக்கு எல்லாருக்கும் முருங்கைக்கீரைன்னு கெளம்பிராதீங்க" என்றார். நான் அப்படிக் கிளம்பக்கூடிய ஆள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நோட்டால் எனக்கு ஒரு லாபம். கண்மாய் மீனைத் தவிர வேறு அறியாத நான் சாளை, சூடை, காரல், நகரை என்று பெயர்களைக் கற்றேன். "பேரு எழுதுனா மட்டும் போதுமா, தின்னு பாருங்க" என்று டாக்டரம்மா சொன்னதால் மெஸ் வைத்திருந்த அம்மாவிடம் மதியத்துக்கு மீன் குழம்பும் காலைக்கு ஒரு முட்டையும் சொல்லிவைத்தேன். இரண்டு மூன்று மாதத்தில் தோள் சுத்தமானது. மீனாலா, முட்டையாலா, பரோட்டாவை விட்டதாலா என்று எனக்குத் தெரியாது. மறுபடி நீலச் சட்டை எடுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். செல்வராணி என்று வைத்துக்கொள்வோம். முப்பது முப்பத்திரண்டு வயது. சர்க்கரை மாத்திரை வாங்க வரும் மாமியாரோடு வந்தவள், தானும் தலையைக் காட்டினாள். கறுப்புத் தாள் இரண்டாவது வகிட்டிலேயே வெளுத்துவிட்டது. எல்லாம் உலர்ந்த தூள். உதட்டின் ஓரங்கள் வெடித்திருந்தன, கண்ணிமைக்குள் வெளிறிக் கிடந்தது.

"எண்ணெ வைப்பீங்களா?"

"வைப்பேன் டாக்டரம்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

நோட்டை எடுத்தேன். நேற்று இரவு சோறு, சாளைக் குழம்பு. முந்தாநாள் சூடை வறுவல். அதற்கு முந்தின நாள் நகரைக் குழம்பும் முட்டையும். கேட்ட உடனே பதில் வந்தது. எங்கள் நோட்டிலேயே இவ்வளவு நல்ல சாப்பாடு யாருக்கும் இருந்ததில்லை. மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் அதே மாதிரிதான். டாக்டரம்மா குடற்புழு மாத்திரை கொடுத்தார், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். தைராய்டு பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. அங்கத்துத் தண்ணீர் உப்பு என்பதால் கடைசியாகக் குடிதண்ணீரில் தலையை அலசச் சொன்னார். தாளில் விழுவது குறையவே இல்லை, கூடிக்கொண்டேதான் போனது.

"நோட்டு ஒண்ணு சொல்லுது, தலை ஒண்ணு சொல்லுது" என்றார் டாக்டரம்மா. எனக்கு அதுவும் புரியவில்லை. நான் ஷாம்பு பாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன், பிறகு சோப்பை, பிறகு ஆய்வகத்தை.

என் முட்டாள்தனம் வெளிப்பட்டது நான்காம் தடவைதான். டாக்டரம்மா பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். செல்வராணி வந்தாள், நான் தனியாகக் கேட்டு எழுதி வைத்தேன். திரும்பி வந்த டாக்டரம்மா நோட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படகெல்லாம் ஸ்டிரைக்குல நின்னு எத்தனை நாள் ஆச்சு சார்?"

"எட்டு நாள் மேடம்."

"நாட்டுப்படகு?"

"அதுவும் போகல மேடம். ஆதரவு குடுத்திருக்காங்க."

"அப்ப இந்தச் சாளை, சூடை, நகரையெல்லாம் இவங்க வீட்டுச் சட்டிக்கு எங்கேயிருந்து நீந்தி வந்துச்சு?"

ஐஸ் பேக்டரி சத்தமில்லாமல் கிடந்ததையும், டீக்கடையில் பட்டப்பகலில் இடமில்லாமல் ஆண்கள் உட்கார்ந்திருந்ததையும் நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெஸ்ஸில் எனக்கே அந்த வாரம் முழுக்கக் கத்தரிக்காய்க் குழம்புதான். ஆனாலும் பேனாவுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லாமல் எழுதியிருக்கிறேன். கடற்கரையில் பிறந்த எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அடுத்த முறை அவள் வந்தபோது டாக்டரம்மா கதவைச் சாத்தினார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நோட்டைத் திறக்கவும் சொல்லவில்லை.

"என்ன விட்டிருக்கீங்க?" என்று கேட்டார். வேண்டிக்கொண்டு எதையாவது விடுவது அவர் ஊரிலும் உண்டு போல.

செல்வராணி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரவுகள அங்கிட்டு இலங்கையில புடிச்சு வச்சிருக்காக டாக்டரம்மா. அவுக படகுல போன அஞ்சு பேரையும். அவுக வர்ற வரைக்கும் மீனத் தொட மாட்டேன், தலைக்கு எண்ணெ வைக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்."

"வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா எங்க அத்த கொன்னேபுடும். எண்ணெயில்லாத தல, கவிச்சியில்லாத சோறு, அது புருசன் போனவ செய்யிறது, எம் மவன் இருக்கையிலேயே செய்யிறியாங்கும். அதான் மீன ஆக்கி எல்லாருக்கும் போட்டுட்டு, எந் தட்டுல ஒரு துண்டு வச்சுப் பெசஞ்சு மகளுக்கு ஊட்டிருவேன். வெள்ளிக்கெழம தண்ணியத் தொட்டுத் தலையத் தடவிக்குவேன், எண்ணெ மாதிரி மினுங்கும்."

"மீன் இல்லாம வேற என்ன சாப்பிடுறீங்க?"

"வேற என்னா. ரசத்த ஊத்தி ரெண்டு வாயி. அதுக்கு மேல எறங்கல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்லிட்டேன்னு நெனைக்காதீங்க சார். நோட்டுல ஏறிட்டா யாரு வேணாலும் படிப்பாகன்னு பயந்துக்கிட்டுத்தேன்."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, வேண்டுதலை விடு என்றும் சொல்லவில்லை. முக்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். "மீன் வேணாம். தலைக்கு எண்ணெயும் வேணாம். அத நீங்க வச்சுக்கங்க. முட்டையும் கடலையும் கடல்ல இருந்தா வருது? தினம் ரெண்டு முட்டை. ஒரு கை வேர்க்கடலை. எள்ளுருண்டை. முருங்கைக்கீரை வாரத்துல நாலு நாளு. தயிரு. எண்ணெ தலைக்கு மேல வேணாம்னா வயித்துக்குள்ள போகட்டும். அவர் வர்றப்ப நீங்க நிக்கணும்ல?"

அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அவளுடைய வேண்டுதலும் தலையும் ஒன்றாகப் பிழைக்க வழி கிடைத்துவிட்டதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சியில் சீட்டு எழுதினேன். என் வாழ்நாளிலேயே அழகாக எழுதிய சீட்டு அதுவாகத்தான் இருக்கும். பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு முட்டை, கடலை, எள், கீரை, தயிர். அடியில் கை தானாகப் போய் எழுதியது: வேண்டாம் — மீன், தலைக்கு எண்ணெய் (வேண்டுதல்).

மடித்துக் கொடுத்தேன். "அடுப்படி சுவத்துல ஒட்டிருங்க" என்று வழக்கம்போலச் சொன்னேன். அவள் பிரித்துப் பார்க்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த திங்கள்கிழமை மாமியார் வந்தார். அவர் மாத்திரை வாங்கும் நாள் அது இல்லை. வரிசையை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து சீட்டை என் முன்னால் வைத்தார். மூலைகளில் சோற்றுப் பசை காய்ந்திருந்தது. பர்ஸில் கிடந்ததைப் பேத்தி எடுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பொறுப்பாக ஒட்டி, சத்தமாகப் படித்தும் காட்டியிருக்கிறாள்.

"தம்பி, இது ஒங்க எழுத்தா?"

"ஆமாம்மா."

"எம் மவன் உசுரோட இருக்கான். போன வாரந்தான் வக்கீலு பாத்துட்டு வந்து சொன்னாரு. என் வீட்டு அடுப்படியில அவனுக்குக் கருமாதி எழுதி ஒட்டியிருக்கீங்களே தம்பி. அதுவும் என் பேத்தி வாயால படிக்க வச்சுட்டீங்களே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா வெளியே வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அரை மணி நேரம் என்ன பேசினார்களோ தெரியாது. போகும்போது மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா என்னிடம் வந்து, "வேண்டாம்னு அடியில எழுதச் சொன்னது நாந்தானே சார்" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அது என்னைத்தான் சுட்டது.

பிறகு நடந்தது கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லித் தெரிந்தது. மாமியார் செல்வராணியை வாசலில் உட்கார வைத்து, தெரு பார்க்க, தலை நிறைய நல்லெண்ணெய் வைத்திருக்கிறார். ஸ்டிரைக் முடிந்து படகு போன முதல் நாள் சாளை வாங்கி, தானே முள் எடுத்து, தன் கையால் ஊட்டியிருக்கிறார். "அவன் வந்தா இந்தத் தலையையா பாப்பான்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாராம். கொடுமைக்காரி இல்லை அவர். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவருக்குக் கையில் இருந்த ஒரே சாட்சி மருமகளின் எண்ணெய்த் தலைதான்.

ஒரு மாதம் கழித்துப் பிடிபட்டவர்களை விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஐந்து பேரில் நான்கு பேர் வந்தார்கள். படகு ஓட்டியவர் என்பதால் செல்வராணியின் கணவரை மட்டும் விடவில்லை.

அந்த வாரமே அவள் ஜன்னலுக்கு வந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள். முடி மினுமினுத்தது.

"நோட்ட எடுங்க சார்" என்றாள்.

"டாக்டரம்மா சொல்லாம..."

"எடுங்க. நேத்து ராத்திரி சோறு, சாளக் கொழம்பு. நெசமாவே. முந்தாநாளு நகர வறுவல். நெசமாவே. அதுக்கு முந்தாநாளு எறா. அதுவும் நெசந்தேன். எழுதுங்க."

எழுதினேன். டாக்டரம்மா அவளை முக்காலியில் உட்கார வைத்து ஏழு வகிடும் எடுத்தார். கறுப்புத் தாள் கறுப்பாகவே இருந்தது. வழக்கமாக அப்போது நல்லது என்று ஒரு சொல் சொல்வார். அன்று தாளை மடித்து வைத்துவிட்டு அவள் தோளில் கை வைத்தார்.

வெளியே வந்தவள் என்னிடம் சொன்னாள்: "தல சரியாப் போச்சு சார். ஒங்களுக்குச் சந்தோசந்தானே."

நான் நோட்டை மூடினேன். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளி குணமானதற்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை ஊருக்குப் போய், என் சீட்டால் வேண்டுதல் முறிந்ததால்தான் அவர் வரவில்லையோ என்று மனைவியிடம் சொன்னேன். "படகு ஓட்டுனவருன்னு கோர்ட்டுல விடல. இதுல ஒங்க சீட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்றாள். சரிதான். நான் அறிவியல் படித்தவன், அவளைவிட நன்றாகவே எனக்குத் தெரியும். தெரிந்தது தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.

திங்கள்கிழமை மெஸ்ஸில் மீன் வைத்தபோது, "இன்னைக்கு வேணாம்மா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. எந்தச் சாமியையும் கும்பிடவில்லை, எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளிடமிருந்து நான் பிடுங்கியதை நானே தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேனோ என்னவோ. மீனை விட்டதோடு எண்ணெயையும் விட்டேன். மீன் போனதும் மெஸ் சோறு இறங்காமல், டீயும் பன்னும் திரும்பி வந்தன. பைத்தியக்காரத்தனம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஒவ்வொரு நாளும் தொடர்ந்தேன்.

இரண்டு மாதத்தில் தோள் மறுபடி வெளுத்தது. "மீன் சாப்பிடலையா?" என்று மனைவி கேட்டாள். படகு ஸ்டிரைக் என்றேன். டாக்டரம்மா ஒரு நாள் நோட்டை என்னிடம் தள்ளி, "சார், ஒங்கள எழுதுங்க" என்றார். மதியம் சோறு, சாளைக் குழம்பு என்று எழுதினேன். அன்றைக்குப் படகுகள் எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் படித்துவிட்டு என் தோளைப் பார்த்தார். ஓரத்தில் அதே பென்சில் கேள்விக்குறி போட்டார்.

செல்வராணியின் கணவர் வந்து சேர அரை வருடத்துக்கு மேல் ஆனது. வந்த நான்காம் நாள் இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். மெலிந்து, கண் உள்ளே போய், வெயிலைப் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றார் அவர். முக்காலியில் உட்கார வைத்ததும் சீப்பை டாக்டரம்மா கையிலிருந்து செல்வராணியே வாங்கிக்கொண்டாள். கறுப்புத் தாளை விரித்து வகிடு எடுத்தாள். ஏழும் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு. தாள் முழுக்க உலர்ந்த வெள்ளைத் தூள் விழுந்தது. அவர் தலையைக் குனிந்து கொடுத்திருந்தார்.

"அங்க என்ன சாப்பாடு?" என்று நான் நோட்டோடு கேட்டேன்.

அவர் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "வெறுஞ் சோறும் பருப்புத் தண்ணியும். தெனமும் அதேன். எழுதிக்கங்க."

கணவரை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அவள் மருந்தக ஜன்னலுக்கு வந்தாள். டாக்டரம்மா சொன்னபடி சீட்டு எழுதினேன். மீன், முட்டை, கடலை, கீரை. பேனா அடிவரிக்குப் போனபோது ஜன்னல் வழியாக அவள் கை உள்ளே வந்து தாளின் அடிப்பாகத்தை மூடியது.

"பெரிசா எழுதுங்க சார், எல்லாரும் படிக்கிற மாதிரி. எங்க அத்தையே செவுத்துல ஒட்டட்டும். அடியில மட்டும் ஒண்ணும் எழுதிராதீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சீட்டைக் கொடுக்க நான் முன்னால் குனிந்தேன். அப்போது அவள் பார்வை என் தோளில் நின்றது. நீலச் சட்டையை நான் விட்டு மாதக்கணக்காகியிருந்தது, ஆனால் சாம்பல் நிறச் சட்டையிலும் அது தெரியத்தான் செய்தது. அவள் என் தலையைப் பார்த்தாள், உதட்டோரத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா பார்ப்பது போலவே வரிசையாகப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"சார்" என்றாள், கணவருக்குக் கேட்காத குரலில். "நீங்களுமா?"

சட்டைத் தோளைக் கையால் தட்டிவிட்டேன்.

பிறகு எனக்குக் குழப்பமாக இருந்த ஒன்றைக் கேட்டேன். "நீங்கதான் அப்பவே மீன் சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்களே. வேண்டுதல் போயிருச்சேன்னு..."

"அது போனா என்னா. அத்த மீன ஊட்டுன அன்னைக்கு ராத்திரியே வேற ஒண்ண விட்டேன்."

"எதை?"

அவள் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற கணவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அத மட்டுஞ் சொல்ல மாட்டேன் சார். சொன்னா எழுதிருவீங்க. மொதல்ல போயி மீனத் தின்னுங்க, அவுக வந்துட்டாக."